பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது என்று இருந்துவிடலாமா?

"பச்சப் புள்ளைங்கள இந்த நோவு ஒண்ணும் செய்யாதுங்க. பெருசுங்களத்தான் தூக்கிட்டுப் போகும்."

கோவிட் பரவிய நாட்களில் மாசாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் அடிக்கடி காதில் விழுந்த பேச்சு இது. இன்றைக்கும் பிள்ளை இருமினால், "சளிதானே, தன்னால போயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். அவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது நமக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம் நம் தோட்டத்துத் தாய்மார்களோடும் தகப்பன்மார்களோடும் பேச விரும்புகிறோம். கோவிட் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்துவிட்டது உண்மைதான். அவசரம் முடிந்ததே தவிர, கிருமி முடிந்துவிடவில்லை. அடுத்த கிருமி எப்போது வரும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது.

முதல் மூவரில் இருவர் பிள்ளைகள்

மலேசியாவில் இந்த நோய் முதன்முதலில் உறுதியானது 2020 ஜனவரி 25-ஆம் தேதி. எங்கே தெரியுமா? நம் ஜொகூர்ப் பாருவில்தான். சீனாவின் வூஹான் நகரத்துக் குடும்பம் ஒன்று சிங்கப்பூர் வழியாக வந்திருந்தது. சிங்கப்பூரில் தாத்தாவுக்கு நோய் என்று தெரிந்ததும், ஜொகூருக்கு வந்துவிட்ட பாட்டியையும் பேரப் பிள்ளைகள் இருவரையும் சோதித்துப் பார்த்தார்கள். மூவருக்கும் கிருமி இருந்தது. பேரப் பிள்ளைகளில் ஒருவருக்கு வயது 11, மற்றவருக்கு 2.

ஆக, நம் நாட்டின் முதல் மூன்று நோயாளிகளில் இருவர் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வராது என்ற பேச்சு முதல் நாளிலேயே பொய்யாகிவிட்டது. அன்று தொடங்கி 2021 மே 30 வரை நாட்டில் 82,341 சிறுவர்களுக்கு நோய் கண்டதாக அப்போதைய சுகாதார அமைச்சர் கணக்குச் சொன்னார். அவர்களில் 19,851 பேர் நான்கு வயதும் அதற்குக் குறைந்தவர்களும். அதற்குப் பிறகுதான் டெல்டா அலை உச்சத்துக்குப் போனது. 2022-ன் தொடக்கத்தில் ஓமிக்ரான் அலை வீடு வீடாகப் புகுந்தது.

வராது என்பது பொய். வந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு லேசாகப் போய்விடும் என்பதுதான் சரி. இரண்டு மூன்று நாள் காய்ச்சல், மூக்கொழுகல், தொண்டை வலி, சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும், அதோடு தீர்ந்துவிடும். பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் எதிர்ப்புச் சக்தி புதிய கிருமியைக் கண்டதும் சட்டென்று எழும்புகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களை வீழ்த்திய சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பிள்ளைகளிடம் குறைவு என்பது இன்னொரு காரணம்.

அந்தப் 'பெரும்பாலான' என்ற சொல்லுக்குள் நம் பிள்ளை இருக்கிறதா, இல்லையா? அதைத்தான் ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எந்தப் பிள்ளைக்கு ஆபத்து?

முதலாவது, ஒரு வயது நிறையாத கைக்குழந்தை. பிஞ்சுக் குழந்தையின் மூச்சுக்குழாய் மிக ஒடுக்கமானது. பெரியவர்களின் குழாயில் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். அதே வீக்கம் குழந்தையின் குழாயில் வந்தால் காற்றுப் போகும் வழியில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். ஓமிக்ரான் காலத்தில் பல குழந்தைகள் நாய் குரைப்பது போன்ற இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. மூன்றாவது, பிறவியிலேயே இருதயக் கோளாறு, தலசீமியா போன்ற இரத்த நோய், கட்டுக்கடங்காத இழுப்பு இவற்றில் ஏதேனும் உள்ள பிள்ளை. நான்காவது, அளவுக்கு மீறிப் பருத்த பிள்ளை. 'கொழுகொழுன்னு இருக்கான், அவனுக்கென்ன' என்று நினைக்கக் கூடாது. கொழுப்பு மூச்சுக்குச் சுமை. ஐந்தாவது, சத்துக் குறைந்து நோஞ்சானாக இருக்கும் பிள்ளை.

இந்த ஐந்தில் ஒன்று நம் வீட்டில் இருந்தால், 'சளிதானே' என்ற சொல்லை நாம் மறந்துவிட வேண்டும்.

நோய் போன பிறகு வரும் நோய்

இன்னொரு சங்கதியும் உண்டு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்டன் டாக்டர்கள் ஒரு புதிய நிலையைக் கண்டு திகைத்தார்கள். கோவிட் வந்து லேசாகப் போன பிள்ளைகளில் மிகச் சிலருக்கு, இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல் திரும்பி வந்தது. உடம்பில் தடிப்பு, சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, தாங்க முடியாத வயிற்று வலி, வாந்தி. கிருமியோடு சண்டை போட எழுந்த எதிர்ப்புச் சக்தி, சண்டை முடிந்தும் அடங்காமல் பிள்ளையின் இருதயத்தையும் குடலையும் இரத்தக் குழாய்களையும் தாக்கியது. பிறகு உலகின் பல நாடுகளிலும் இதைக் கண்டார்கள்.

இது அபூர்வம்தான். பயந்து நடுங்க வேண்டியதில்லை. காலத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமானார்கள். எனவே பிள்ளைக்குக் கோவிட் வந்து போனால், ஆறு வாரம் வரை ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் காய்ச்சல் திரும்பினால், போன மாதம் கோவிட் வந்தது என்பதை டாக்டரிடம் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

சில பிள்ளைகளுக்குச் சோர்வும் தலைவலியும் பாடத்தில் மனம் நில்லாமையும் மாதக் கணக்கில் நீடித்தன. 'படிக்கச் சொன்னா சோம்பேறித்தனம்' என்று அடித்துவிடாதீர்கள். ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாசாய்க் காற்று

மாசாய் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த இடம். 1977-ல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பின்னாலேயே தொழிற்சாலைகள் வந்தன. பால் மரம் இருந்த பல இடங்களில் செம்பனை வந்தது, தாமான் வந்தது, அடுக்குமாடி வீடு வந்தது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று தொழிற்சாலை வேலைக்கும், மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கும் போகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு முகக்கவசமும் மூடிய பள்ளிக்கூடமும் கோவிட் காலத்தில் புதிதாக வந்தவை அல்ல. 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவிலிருந்து நச்சுவாயு கிளம்பி, பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறியும் வாந்தியெடுத்தும் விழுந்ததை நாம் மறக்கவில்லை. பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மறுபடியும் மூச்சுத் திணறல், மறுபடியும் பள்ளி மூடல். அடுத்த ஆண்டு கோவிட்.

காற்று கெட்ட ஊரில் வளரும் பிள்ளையின் நெஞ்சு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், எந்தச் சளிக் கிருமி வந்தாலும் அதிகம் தாக்கும். ஊர்க் காற்றைச் சுத்தமாக்குவது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை. வீட்டுக் காற்றாவது நம் கையில் இருக்கிறது. வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பது, மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்துவது, குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடுவது, வாசலில் குப்பை எரிப்பது ஆகிய நான்கையும் நிறுத்தினாலே பிள்ளையின் நெஞ்சுக்குப் பாதி வைத்தியம் ஆகிவிடும். சாம்பிராணி நம் பாட்டி வழக்கம்தான். பாட்டி காலத்தில் இரசாயனத் தொழிற்சாலை பக்கத்தில் இல்லையே!

மூச்சை எண்ணுங்கள்

பிள்ளைக்குச் சளி சுரம் கண்டால் எது சாதாரணம், எது ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சோ வயிறோ ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும் வந்தால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும்வரை 50-ம் மேலும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40-ம் மேலும். உலகச் சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் கணக்கு இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட எண்ணத் தெரிந்தால் போதும், பேரப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம்.

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி கிடைத்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்:

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிவது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது. மூச்சோடு முனகல் வருவது.

உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது.

பால் குடிக்க மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது.

எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, வலிப்பு வருவது.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வருவது. மற்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் ஒன்றே போதும்.

மாசாயில் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். நேரம் கடந்துவிட்டாலோ, மூச்சுத் திணறல் இருந்தாலோ கிளினிக்கில் வரிசை பிடிக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆம்புலன்சுக்கு 999.

செய்யக் கூடாதவை

நல்லது என்று நினைத்து நாம் செய்வதே சில நேரம் பிள்ளைக்கு வினையாகிவிடுகிறது.

கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைப்பது அவற்றில் ஒன்று. கோவிட் காலத்தில் வேப்பிலை, நொச்சி, மஞ்சள் என்று போட்டு வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தார்கள். ஆவி கிருமியைக் கொல்லாது. பாத்திரம் கவிழ்ந்தால் பிள்ளை வெந்துபோகும். பிரிட்டனில் பர்மிங்காம் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2020-ல் இப்படிச் சுட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடிவிட்டதாக டாக்டர்கள் எழுதி எச்சரித்தார்கள்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரை பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கிருமிக் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையும் ஈரலும் கெடும் ரேய் என்ற நோய் வரக்கூடும். பாராசிட்டமால் மருந்தைப் பிள்ளையின் எடைக்கேற்ப, டாக்டரோ மருந்துக்கடைக்காரரோ சொன்ன அளவில் கொடுக்கலாம். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். போன தடவை மீந்த 'ஆன்டிபயாடிக்' மருந்தையும் கொடுக்கக் கூடாது. சளிக்கும் கோவிட்டுக்கும் காரணமான வைரஸை அது ஒன்றும் செய்யாது.

தாய்ப்பாலை மட்டும் எந்த நோவிலும் நிறுத்தாதீர்கள். தாய்க்கே கோவிட் வந்தாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம்.

கிருமி தொடாத பிள்ளையும் பட்ட பாடு

இதுவரை சொன்னது கிருமி உடம்பில் புகுந்தால் நடப்பது. உடம்பில் புகாமலே அது பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. நம் பிள்ளைகளில் மிகப் பலரைப் பாதித்தது இதுதான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் மூடிக்கொண்டது. பாலமும் மூடிக்கொண்டது. சிங்கப்பூரில் வேலை செய்த மாசாய்த் தகப்பன்மாரும் தாய்மாரும் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தரைவழிப் போக்குவரத்து முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். இரண்டு ஆண்டுகள்! அப்பன் முகத்தைக் கைப்பேசிக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நடை பழகிய குழந்தைகள் நம் தாமான்களில் உண்டு.

தோட்டத்தில் கதை வேறு. செம்பனைத் தோட்டங்கள் வேலையைத் தொடர அனுமதி இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும், பள்ளி இல்லை, வீட்டில் பாட்டியும் இல்லையென்றால் பிள்ளையை யார் பார்ப்பது? பத்து வயது அக்காள் இரண்டு வயதுத் தம்பிக்குத் தாயானாள்.

பாடம் கைப்பேசியில் வந்தது. கைப்பேசி எல்லார் வீட்டிலும் இருந்ததா? கல்வி அமைச்சு 2020-ல் பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு என்றால் பாடம் எப்படி ஏறும்? கைப்பேசி கிடைத்த பிள்ளைகளோ நாள் முழுக்க அதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, ஓட்டமும் விளையாட்டும் இல்லாமல் எடை கூடினார்கள். வயது ஏழெட்டு ஆகியும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பள்ளி மூடியபோது ஒரு வேளைச் சாப்பாடும் மூடிக்கொண்டது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் இலவச உணவைத்தான் சொல்கிறோம். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. ஐந்தில் ஒரு குழந்தை! நோய் வருவதற்கு முன்பே நிலைமை இப்படி. சம்பளம் குறைந்த வீட்டில் முதலில் குறைவது முட்டையும் மீனும் பாலும்தான். சோறும் மீயும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது.

போடாத ஊசி

கிளினிக்குக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசியைத் தள்ளிப் போட்டவர்கள் பலர். நம் ஊரில் மட்டுமல்ல. 2021-ஆம் ஆண்டு மட்டும் உலகத்தில் 2 கோடியே 50 இலட்சம் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளில் ஒன்றையோ பலவற்றையோ தவறவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கணக்கிட்டன. முப்பது ஆண்டுகளில் கண்டிராத சரிவு அது.

இதனால் என்ன வரும்? ஊசியால் ஓட்டி வைத்த பழைய நோய்கள் திரும்பி வரும். 1992-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லாதிருந்த இளம்பிள்ளை வாதம் 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்குக் கண்டதே, அது பெரிய எச்சரிக்கை.

ஆகவே வீட்டில் இருக்கும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை இன்று இராத்திரியே எடுத்துப் பாருங்கள். தட்டம்மை ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போட்டாயிற்றா? நிமோனியா சளிக்கு எதிரான ஊசி 2020-ல் பிறந்த பிள்ளைகள் முதற்கொண்டு இலவசம். 4, 6, 15 மாதங்களில் போட வேண்டும். போட்டாயிற்றா? கட்டம் காலியாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். "விட்டுப் போச்சுங்க மிஸ்ஸி, இப்ப போடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் போடலாம் என்றுதான் சொல்வார்கள்.

கோவிட் ஊசி 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரியில் தொடங்கியது. பாதிப் பிள்ளைகள்கூட இரண்டு ஊசியையும் முடிக்கவில்லை. ஆபத்துள்ள பிள்ளை என்று மேலே சொன்னோமே, அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், இப்போது என்ன ஊசி தேவை என்று டாக்டரைக் கேளுங்கள். இன்ஃபுளுவென்சா ஊசியையும் கேளுங்கள். 2025 அக்டோபரில் நாட்டில் சுமார் 6 ஆயிரம் மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா கண்டு, சில பள்ளிகளை மூட வேண்டி வந்தது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளிலிருந்து அந்த ஊசி போடலாம். ஆனால் பிள்ளைகளுக்கான இலவச அட்டவணையில் அது இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் அதை இலவசமாகப் போட வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை

நூறாண்டுக்கு முன்பும் இப்படி ஒரு நோய் வந்தது. 1918-ல் ஸ்பானிஷ் ஃபுளு என்ற விஷக் காய்ச்சல் மலாயாவைத் தாக்கியபோது 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்கள் மிகுதி. நெருக்கியடித்த லயன் வீடுகளும், சத்தில்லாத சாப்பாடும், நோவிலும் ஓயாத வேலையும் அந்தச் சாவுகளுக்குத் துணை நின்றன.

இன்று காலம் மாறியிருக்கிறது. சட்டமும் இருக்கிறது. தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. தங்குமிடத்தில் நெருக்கடி கூடாது, காற்றும் தண்ணீரும் சுத்தமும் இருக்க வேண்டும் என்று அது முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது.

ஆகவே நம் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தால் அதற்குச் சன்னல் இருக்கிறதா, திறக்கிறார்களா, ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள், கை கழுவச் சோப்பு உண்டா, சளி பிடித்த பிள்ளையைத் தனியே வைக்க இடம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராணியாரிடம் தனித்தனியாகப் போய் நிற்காமல், தொழிற்சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தொழிலாளிக்கு நோவு வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தொழிலாளியின் பிள்ளைக்கு நோவு வந்தால் அப்படி ஒரு விடுப்பை நம் வேலைச் சட்டம் தரவில்லை. அதனால்தான் ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுகிறாள். அந்தப் பிள்ளையிடமிருந்து பத்துப் பிள்ளைக்குப் பரவுகிறது. பிறகு பத்துத் தாய்மார் வேலைக்கு வர முடியாமல் போகிறது. நஷ்டம் யாருக்கு? தோட்டத்துக்கும்தானே! வருஷத்தில் சில நாட்களாவது பிள்ளை நோவுக்காகச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால் நிர்வாகத்துக்கும் இலாபம்தான். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சங்கத் தலைவர்கள் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரம் இல்லையே என்று பயந்து, நோய் முற்றும்வரை வீட்டிலேயே வைத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். உயிர் போகும் நிலையில் யாரும் பத்திரம் தேடக் கூடாது. முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிறகு பத்திரத்துக்கு மனுச் செய்யுங்கள். இரண்டையும் செய்யுங்கள், ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடாதீர்கள்.

முடிவாக

பெரிய நோய் வந்தால் பெரியவர்கள் சாகிறார்கள். பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது தவறு. பிழைத்த பிள்ளை படிப்பை இழந்திருக்கலாம், வளர்த்தியை இழந்திருக்கலாம், ஊசியை இழந்திருக்கலாம், பெற்றவரையே இழந்திருக்கலாம். அந்த நஷ்டம் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாது. அது தெரியவர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும்.

சுகாதாரப் புத்தகத்தில் காலிக் கட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுங்கள். நாளுக்கு ஒரு முட்டையாவது பிள்ளையின் தட்டில் விழட்டும். பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் அரை மணி நேரம் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். உங்கள் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையும் கிளினிக் வசதியும் எப்படி இருக்கின்றன என்று நமக்கு எழுதுங்கள். நல்லபடி நடக்கும் தோட்டங்களையும் எழுதுங்கள். மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.